அடையாள முனை

தேவராஜுக்கு ஐம்பத்து மூன்று வயது. இதுவரை ஒரு காட்டையும் அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அம்பத்தூரில் அவன் வேலை செய்யும் அறுவை மில்லுக்கு, முப்பத்தைந்து வருஷமாக, காடுகள் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

மரத்தில் ரம்பம் இறங்கியதும் முதலில் சத்தம் வரும். கொஞ்சம் பின்னால் வாசனை வரும். மலேசியாவின் சிவப்பு மரம் மழையில் நனைந்து மூலையில் கிடந்த துணிபோல மணக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மஞ்சள் மரத்தை அறுத்தால் தும்மல் வரும், நாக்கில் கசப்பு இறங்கும். நியூசிலாந்துப் பைன் மருந்துக்கடைக் கதவைத் திறந்ததுபோல இருக்கும். தேக்கின் வாசனையில் எண்ணெயும் புதுச்செருப்பும் கலந்திருக்கும்.

ஒவ்வொரு வாசனைக்கும் தேவராஜ் ஒரு காடு கட்டி வைத்திருந்தான். சிவப்பு மரத்தின் காட்டில் எப்போதும் மழை. மஞ்சள் மரத்தின் காட்டில் செம்மண் தரை, பறவைகள் கிடையாது. பைன் காடு குளிரானது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிரை அவன் ஏ.டி.எம். அறையிலிருந்து எடுத்துக்கொண்டான். மிஷின் ஓடும்போது சில நொடிகள் அவன் கண் எதிலும் படாமல் நிற்கும். அதைப் பார்த்தால் மில் ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

"தேவா டூருக்குப் போய்ட்டான்டா."

கேலிதான், ஆனால் பகை கிடையாது. திரும்பி வந்ததும் அவனும் சிரிப்பான். கற்பனை ஒரு மனிதனுக்கு என்ன செய்கிறது என்பது பழைய கேள்வி. அது அவனை விரிக்கிறது என்பார்கள். நின்ற இடத்திலிருந்து அவனைக் களவாடிக்கொண்டு போகிறது என்றும் சொல்லலாம். தேவராஜின் விஷயத்தில் இரண்டும் நடந்தது.

அவன் பிறந்தது அயனம்பாக்கம். அப்பா அய்யாசாமிக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல்வயல், மேட்டில் ஒரு சவுக்குத் தோப்பு. முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, சாரம் கட்ட அந்தத் தோப்பிலிருந்தும் கம்பங்கள் போயின. மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டடம் உயர்ந்தது. அதைச் சுற்றி அய்யாசாமியின் சவுக்குகள் கயிற்றுக் கட்டோடு நின்றன. கம்பத்துக்கு ஆகாத கோணல்களும் தூர்களும் விறகாகப் போயின. கடைசித் தூரையும் தோண்டி எடுத்த வருஷமே மேட்டில் வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்தார்கள். அய்யாசாமி அதற்காக அழவில்லை. வெயிலில் தோப்புக்குக் காவல் இருப்பது ஓய்ந்ததே என்றுதான் சொன்னார். மகன் பதினெட்டாவது வயதில் மில்லுக்கு வந்தான்.

இந்தப் பக்கத்தில் என்றும் பெரிய காடு இருந்ததில்லை. இருந்தாலும் காடுகளின் கதை இந்த வழியாகத்தான் போயிற்று. தேவராஜ் சேர்ந்தபோது மில்லில் அறுத்ததெல்லாம் மாமரமும் தூங்குமூஞ்சியும்; தொழிற்பேட்டையில் செய்த மிஷின்களை அடைத்து அனுப்பப் பெட்டி வேண்டியிருந்தது. பிறகு துறைமுகத்திலிருந்து உருட்டுமரங்கள் வந்தன. ஆள் உயரத்துக்குச் சுற்றளவு. ஒன்றை இறக்க எட்டுப் பேர். பர்மா மரம் ஒரு காலம் வந்தது, பிறகு உருட்டாக வருவது நின்றது. மலேசியா குறைந்தது, ஆப்பிரிக்கா கூடிற்று. இப்போது பெட்டிக்கெல்லாம் பைன். ஓர் இடத்தில் மரம் தீர்ந்ததா, சட்டம் மாறியதா, மில்லுக்குச் சொல்லி அனுப்புவார் யாருமில்லை. வாசனை மாறும். அவ்வளவுதான். அந்த மாறுதல்களைத் தேவராஜ் தன் மூக்கால் படித்தான்.

உள்ளூர்த் தேக்கு எப்போதாவது வரும், புதுவீட்டு நிலைக்கதவுகளுக்காக. அதற்கு வேறு மரியாதை. அரசாங்கக் கிடங்கில் ஏலம் எடுக்கும் ஒவ்வொரு தேக்கு உருட்டிலும் ஒரு பக்க முனையில் சுத்தியால் அடித்த முத்திரையும் எண்ணும் இருக்கும். கூடவே வரும் அனுமதிச்சீட்டில் அதே எண், நீளம், சுற்றளவு. முத்திரை இருக்கும்வரைதான் அந்த மரத்துக்குப் பிறப்புச் சான்று. அது போய்விட்டால் திருட்டு மரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அதனால் மில்லில் ஒரு வழக்கம். தேக்கு இறங்கியதும் கற்பூரம் காட்டி, முத்திரை உள்ள முனைக்கெல்லாம் குங்குமப் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்த முனையில் ரம்பம் படக்கூடாது. மரத்தின் கடைசிப் பலகை விழும்வரை அந்த முனை இருக்க வேண்டும்.

சென்ற ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, பதினெட்டுத் தேக்கு உருட்டுகளோடு அப்துல் ரசாக்கின் லாரி வந்தது. ரசாக் பூந்தமல்லிக்காரன். இருபது வருஷமாக இந்த மில்லுக்கு மரம் ஓட்டுகிறான். தேவராஜும் அவனும் ஒருவரையொருவர் மாமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மரம் இறங்கும்போது தேவராஜ் வழக்கம்போலக் கேட்டான். "இது எந்தக் காடு மாமே?"

"காடா?" ரசாக் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கா கரை. ஒரே வரிசையா நட்டு வச்சிகிறான். இந்தாண்ட நெல்லு, அந்தாண்ட தண்ணி. நடுவுல தேக்கு."

"அப்ப காடு இல்லியா?"

"நீ வேணா காடுன்னு வச்சிக்கோ. உன்ன யாரு கேக்கப் போறா?"

கற்பூரம் காட்டிப் பொட்டு வைத்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு விட்டது. மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க, பொட்டில்லாத முனைகளில் வெடித்த பாகத்தை அறுத்துத் தள்ளிவிட்டுச் சாயம் பூசுவது தேவராஜின் வேலை. சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். முதல் மூன்றையும் சரியாக முடித்தான்.

நான்காவதில் ரம்பம் இறங்கும்போது தேக்கின் வாசனை ஈரத்தோடு எழுந்தது. அவன் எப்போதும் போடும் காட்டைப் போட்டுப் பார்த்தான். பொருந்தவில்லை. ரசாக் சொன்ன வாய்க்கால் குறுக்கே வந்தது. ஒரு மரம் அகலத்துக்கு ஒரு காடு எப்படி இருக்கும்? அகலம் ஒரு மரம், நீளம் நாற்பது மைல். அதற்குள் நடந்தால் இரண்டு பக்கமும் வெளியே இருப்போம். நிழல் காலையில் தண்ணீரில் கிடக்கும், மாலையில் நெல்லில் கிடக்கும். அந்தக் காட்டில் தொலைந்துபோக முடியாது. ஆனால் முடிவுக்கும் வர முடியாது. தேவராஜ் அதற்குள் நடந்துகொண்டே இருந்தான். நான்கு அங்குல கனத்தில் ஒரு வட்டத் துண்டு மரத்திலிருந்து பிரிந்து ஈரத்தில் கவிழ்ந்து விழுந்தது. அவன் சாயத்தைத் தோய்த்து வெட்டுமுகத்தில் பூசினான். அடுத்த மரத்துக்குப் போனான்.

மழை பொட்டைக் கழுவிவிட்டிருந்தது என்பது உண்மை. குனிந்து பார்த்திருந்தால் முத்திரை தெரிந்திருக்கும் என்பதும் உண்மை.

புதன்கிழமை காலை முதலாளி உலகநாதன் அனுமதிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரங்களைச் சரிபார்த்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வனத்துறையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பதினேழு எண்கள் கிடைத்தன. 417 கிடைக்கவில்லை. பதினெட்டாவது மரம் ஒன்று கிடந்தது. அதன் இரண்டு முனைகளிலும் முத்திரை இல்லை. ஒன்றில் சாயம் பூசியிருந்தது. நாடா வைத்து அளந்தால் சீட்டில் உள்ள நீளத்தைவிட நான்கு அங்குலம் குறைவு.

உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வழியில மரத்த மாத்திட்டான்."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மரத்தை ஏற்றிக்கொண்டவன் ரசாக், கொண்டுவந்து சேர்த்தவன் ரசாக். நல்ல மரத்தை எங்கோ இறக்கிவிட்டுத் திருட்டு மரம் ஒன்றை ஏற்றி, அதன் பழைய அடையாளத்தை அறுத்துச் சாயம் பூசிவிட்டான் என்று ஒரு கதை ஐந்து நிமிஷத்தில் தயாராகிவிட்டது. திங்கட்கிழமை எத்தனை முனைக்குப் பொட்டு வைத்தோம் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை; கதைக்கு ஓட்டை இல்லை. பொய்க்கதைகளுக்கு இது ஒரு வசதி. அவை முழுமையாக இருக்கும்.

தேவராஜ் அந்த வெட்டுமுகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். சாயம் அவன் கை பூசியது. இடமிருந்து வலமாக, கடைசியில் ஒரு சுழிப்பு. அவன் அப்படித்தான் பூசுவான். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உலகநாதன் செல்போனில் ரசாக்கை வரச்சொன்னார். அவன் வந்ததும் லாரிச் சாவியை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். சுமை இறக்குகிறவர்களில் ஒருவன், "அண்ணாத்தே, புது ஊடு எதுனா கட்டிகினு கீறியா? தேக்குக் கதவா?" என்று கேட்டுச் சிரித்தான். ரசாக் சுவரோரம் குந்தி உட்கார்ந்துகொண்டான். ஒரு தடவை தேவராஜைப் பார்த்தான். தேவராஜ் ரம்பத்தின் பல்லைத் தேய்ப்பதுபோலக் குனிந்தான்.

மதியம் சோற்று டப்பாவைத் திறந்தான். மூடி வைத்துவிட்டு உலகநாதனிடம் போனான்.

"மொதலாளி, அது 417தான். நான்தான் முனையத் தப்பா அறுத்துட்டேன்."

உலகநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு முனை மாத்தி அறுத்திருக்கியா?"

"இல்ல."

"இப்ப மட்டும் அறுத்துட்ட. அதுவும் உன் மாமன் மாட்டிக்கினதுக்கு அப்புறம்." அவர் குரல் கோபமாக இல்லை, பரிதாபப்படுவதுபோல இருந்தது. "தேவா, உனக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சி பூரா எழுதி வச்சிருக்கு. போய்ச் சாப்பிடு."

"அந்தத் துண்டு கெடச்சா நம்புவீங்களா?"

"மரத்தோட வச்சு எனக்குக் காட்டு. நம்புறேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள. ஆபீசர் வந்து கேட்டா என் லைசென்ச நான் காப்பாத்திக்கணும். டிரைவர்தான் மாத்தினான்னு எழுதிக் குடுத்துருவேன். வண்டி போகும், கேஸ் வரும். அது அவன் பாடு."

உண்மை தன் நேரத்தில் சொல்லப்படாவிட்டால் அதற்குப் பொய்யின் முகம் வந்துவிடுகிறது. தேவராஜ் இழந்தது அரை நாள்தான். அந்த அரை நாளில் அவனுடைய நல்ல பெயரே அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. தன் குற்றத்துக்குத் தானே ஆதாரம் தேடவேண்டிய நிலைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மில்லின் துண்டுகளையும் ஓரப் பலகைகளையும் எடுத்துக்கொண்டு போகிறவள் சரசா. முத்தாபுதுப்பேட்டையில் வீடு. செவ்வாயும் வெள்ளியும் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து வாரிப்போட்டுக்கொண்டு போய், விறகு எரிக்கிற சமையல்காரர்களுக்குப் போடுவாள். அவளுடைய போன் அணைந்து கிடந்தது. அன்று வேலை முடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்குப் போன தேவராஜ் மனைவி தாட்சாயிணியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "காலைல அவரு ஒக்காந்துகினு இருந்தாரே, அப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"ரம்பம் தேச்சிகினு இருந்தேன்."

"நல்லா தேச்ச போ." தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "வெடிஞ்சதும் கெளம்பு," என்றாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவன் சரசாவின் வாசலில் நின்றான். அவள் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வட்டத் துண்டா? நெறையா வருது அண்ணாத்தே. எதச் சொல்ற?"

"தேக்கு. நாலு அங்குலம் கனம். ஒரு பக்கம் எழுத்து அடிச்சிருக்கும்."

"எழுத்தப் படிச்சிகினா விக்கிறேன்?" அவள் யோசித்தாள். "செவ்வாக்கெழம மூணு எடத்துல போட்டேன். ரெண்டு டீக்கடை. அதுங்களுக்குச் சிராய்தான் குடுத்தேன். துண்டெல்லாம் நடேசன் மாஸ்டருக்கு. ஏரிக்கரையாண்ட பிரியாணி போடுறாரே, அவரு. ஒண்ணு ரொம்ப கனமா இருந்திச்சு. எறக்கச் சொல்ல கால்ல போட்டுக்கினேன்." காலைக் காட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. "அதுதான் உன்னுதுன்னா நீ எனக்கு ஒரு களிம்பு வாங்கித் தரணும்."

"எரிச்சிருப்பாரா?"

"வெறகு வாங்குறவரு பின்ன கொஞ்சுவாரா?"

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய கொட்டகையில் நடேசன் மாஸ்டரின் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பஸ் மாறித் தேவராஜ் போய்ச்சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். விறகுக் குவியலை அவன் கையால் புரட்டினான். பைன் சட்டங்கள், மாமரத்து ஓரங்கள், பட்டை. தேக்குத் துண்டுகள் மூன்று கிடந்தன. மூன்றிலும் முத்திரை இல்லை. அடுப்புக்குள் குனிந்து பார்த்தான். தணலுக்கு வடிவம் கிடையாது. எது எதுவாக இருந்தது என்று கேட்க முடியாது.

"இன்னா நைனா, அடுப்புக்குள்ள தலைய வுட்டுகினு? முடி கருகிரும்," என்றார் நடேசன். பெரிய உடம்பு, தோளில் ஈரத் துண்டு.

தேவராஜ் சொன்னான்.

"ஓ, அதுவா?" நடேசன் கரண்டியால் காட்டினார்.

கொட்டகையின் நடுவில் பெரிய பிரியாணி டேக்சா ஒன்று தம்மில் இருந்தது. அதன் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு பூசி அடைத்திருந்தார்கள். விளிம்பைச் சுற்றித் தணல். மூடியின் நடுவில் கனத்துக்காக வைத்த வட்டக் கட்டை. அதன் மேல்முகத்தில் மஞ்சளும் எண்ணெயும் ஊறிப்போயிருந்தன. கறைக்கு நடுவே அரசாங்க முத்திரை, அதற்குக் கீழே 417.

"மூடி வளஞ்சுபோச்சு. கல்லு வச்சா வழுக்குது. இது நல்லா சமமா ஒக்காருது," என்றார் நடேசன். "எரிக்க மனசு வரல."

"இப்ப எடுத்துக்கவா மாஸ்டர்?"

"தொட்டின்னா கைய ஒடச்சிருவேன். ஐ.டி. கம்பெனிக்கு நூத்தி இருவது சாப்பாடு. இப்பத்தான் தம்ல போட்டேன். ஆவி வெளில போச்சுன்னா அரிசி அரிசியா நிக்கும். பத்தே முக்காலுக்கு ஒடைப்பேன். அப்ப எடுத்துக்கோ."

"ஒரு மனுஷனோட பேரு மாஸ்டர் அது."

"இதுவும் ஒரு மனுஷனோட பேருதான். எம் பேரு." சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "குந்து. மணி இருக்குது. போட்டோ புடிச்சி அனுப்பிடு."

தேவராஜ் படம் எடுத்து உலகநாதனுக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது. மரத்தோட சேத்து வச்சாத்தான் பொருந்துதான்னு தெரியும். துண்டு மட்டும் எங்கிருந்து வேணா வரும்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவன் டேக்சாவுக்கு எதிரே ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்தான்.

மூடியின் சூடு கட்டைக்குள் ஏற ஏற, தேக்கு மணக்கத் தொடங்கியது. ரம்பத்தின் கீழே எழும் வாசனை இதற்கு இல்லை. மெதுவாக, தானாக, யாரும் வெட்டாமலே வந்தது. அதில் கிராம்பும் பட்டையும் கறியின் நெய்யும் கலந்தன. ஏரியிலிருந்து காற்று வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிற்று. தேவராஜுக்கு அந்த நீளக் காடு மறுபடியும் வந்தது. ஒரு மரம் அகலம். இந்த முறை அவன் அதற்குள் நடக்கவில்லை. ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தான். வரிசையில் ஒவ்வொரு மரமும் அடிமரத்தில் எண் எழுதிக்கொண்டு நின்றது. முந்நூற்றுப் பத்து, முந்நூற்றுப் பதினொன்று. யாரோ நட்டது, யாரோ தண்ணீர் விட்டது. மாமரமும் மலேசியாவும் பர்மாவும் பைனும் அதே வாய்க்கால் கரையில் வரிசைக்கு வந்து சேர்ந்தன. மேட்டுத் தோப்பின் சவுக்குகள்கூட வந்தன, சாரத்துக் கயிறு தொங்கிக்கொண்டு. அவன் வாழ்க்கையில் அறுத்த மரமெல்லாம் ஒற்றை வரிசையாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றன. காற்றே இல்லை. ஓரிடத்தில் வரிசை விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியில் ரசாக் குந்தி உட்கார்ந்திருந்தான், மில்லின் சுவரோரம் உட்கார்ந்த அதே மாதிரி. பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவராஜ் விழித்துக்கொண்டான். தூங்கவில்லை, இருந்தாலும் விழித்துக்கொண்டதுபோலத்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான தடவை அவன் இப்படிப் போய்வந்திருக்கிறான். போன இடத்தில் ஒரு மனிதனைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவனுடைய காடுகளில் இதுவரை ஆளே கிடையாது. மரம் வெட்டுகிறவனோ, ஏற்றுகிறவனோ, இரவெல்லாம் தூங்காமல் ஓட்டிக்கொண்டு வருகிறவனோ ஒருவனும் கிடையாது. மரங்கள் தாமாக நடந்து அம்பத்தூருக்கு வந்ததுபோலத்தான் அவன் கனவு கண்டுகொண்டிருந்தான். யோசித்தால், அது கொஞ்சம் வசதியான கனவு.

பத்து நாற்பத்தேழுக்கு நடேசன் இரண்டு ஈரத் துண்டுகளால் கட்டையைத் தூக்கி மண்ணில் வைத்தார். அடிமுகம் வட்டமாகக் கருகியிருந்தது. தண்ணீர் தெளித்தார். புகைந்து அடங்கியது. மாவை உடைத்து மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் அவர் முகம் மறைந்துபோனது. உள்ளிருந்து, "பூ மாதிரி கீது!" என்ற குரல் மட்டும் வந்தது.

கட்டையைச் சாக்கில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தேவராஜ் வந்தான். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, "பிரியாணியாங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, மரம்," என்றான். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மில்லில் பதினொன்றரை. ரசாக் நேற்றுப்போலவே சுவரோரம் இருந்தான். தேவராஜ் நேரே அந்த மரத்திடம் போனான். சாயம் பூசிய முகத்தைத் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். வளையங்கள் வெளியே வந்தன. கட்டையைத் தூக்கி வைத்தான். பொருந்தவில்லை. கொஞ்சம் திருப்பினான். இன்னும் கொஞ்சம். ஓரத்தில் பட்டை உரிந்த ஒரு பள்ளம் மரத்திலிருந்து கட்டைக்குள் தொடர்ந்தது. அதற்குப் பிறகு வளையங்களெல்லாம் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கருகியது நடுவில்தான், விளிம்பு முழுதும் சுத்தமாக இருந்தது.

உலகநாதன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நாடாவைப் பிடித்தார். நீளம் சீட்டில் உள்ளபடியே இருந்தது. நிமிர்ந்தார்.

"இது இன்னாடா, பட்டை கிராம்பு வாசம் வருது?" என்றார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து ரசாக்கிடம் நீட்டினார். "தப்பா நெனச்சிக்காத பாய். எல்லாம் பேப்பர்தான் பேசுது இந்தக் காலத்துல."

ரசாக் சாவியை வாங்கிக்கொண்டான். எழுந்து வந்து மரத்தையும் கட்டையையும் பார்த்தான். பிறகு தேவராஜைப் பார்த்தான். தேவராஜ் இந்த முறை குனியவில்லை.

"எப்ப தெரியும் உனக்கு?"

"நேத்து காலைல. பாத்த ஒடனே."

"மத்தியானம் வரைக்கும் வாய்ல இன்னா வச்சிகினு இருந்த?"

"ஒண்ணும் இல்ல. பயம்."

"நான் உன்னப் பாத்தேன். நீ குனிஞ்ச." ரசாக் கத்தவில்லை. "அவங்க திருடன்னு சொன்னது கூட பரவால்ல மாமே. அவங்க இன்னிக்கி சொல்வாங்க, நாளிக்கி டீ வாங்கித் தருவாங்க. நீ குனிஞ்சதுதான்."

ரசாக் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான். "மரம் ஓட்டுற டிரைவருங்க குரூப்பு. எழுவது பேரு. நேத்து மத்தியானத்துலேந்து இதுல என் கதைதான். எவன் போட்டான்னு தெரியாது. கிடங்குல கீறவங்களும் இதுல கீறாங்க. அடுத்த தபா நான் போனா எவன் எனக்கு மரம் ஏத்துவான்?" போனை நீட்டினான். "பேசு. உன் பேரு சொல்லு, ஊரு சொல்லு, இன்னா பண்ணன்னு சொல்லு. என்ன நல்லவன்னு ஒண்ணும் சொல்ல வேணாம்."

தேவராஜ் போனை வாயருகே பிடித்தான். பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை பேசியதில் ரம்பத்தின் சத்தம் மட்டும் கேட்டது. உலகநாதன் கை காட்ட, மிஷினை நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை, "நான் தேவராஜ் பேசறேன், ரசாக் மாமா ரொம்ப நல்ல..." என்று தொடங்கியதும் ரசாக் போனைப் பிடுங்கி அழித்துவிட்டு மறுபடி கையில் கொடுத்தான். சுமை இறக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள். நேற்றுத் தேக்குக் கதவு கேட்டவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பேரு தேவராஜ். அயனம்பாக்கம். அம்பத்தூர் மில்லுல ரம்பம் ஓட்டுறேன். 417ஆம் நம்பர் மரத்த எவனும் மாத்தல. நான்தான் திங்கக்கெழம அடையாள முனைய அறுத்துட்டேன். வேலைல கவனமில்லாம இருந்தேன். புதன்கெழம காலைல எனக்குத் தெரிஞ்சிது. அப்பவும் சொல்லல. டிரைவர் மேல பழி வந்த பின்னாலதான் சொன்னேன். துண்டு கெடச்சிரிச்சு. மரத்துல பொருந்துது. அவ்ளோதான்."

ரசாக் ஒரு தடவை போட்டுக் கேட்டான். அனுப்பினான். கட்டை பொருந்தியிருக்கும் படத்தையும் எடுத்து அதற்குக் கீழே அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். பிறகு இன்னொருவர். கிடங்கிலிருந்து யாரோ, "சரி" என்று மட்டும் எழுதினார். அடுத்து வந்த செய்தி வேலூர் பைபாசில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, சுற்றிப் போங்கள் என்றது. அதன்பின் எல்லோரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ரசாக் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினான். கண்ணாடியைச் சரிசெய்தான். வண்டி பின்னால் வந்து வாசலில் திரும்பியபோது, வழியில் நின்ற தேவராஜுக்கு ஒரு தடவை ஹாரன் அடித்தான். வழி விடச் சொல்லியா, வேறு எதற்காவதா என்று சொல்ல முடியாது. தேவராஜ் நகர்ந்து நின்றான். வாசலில் வனத்துறை ஜீப் வந்து நின்றது.